கிராஃபுக்கு முன்னால் தலைவர்

சுகன்யாவை எனக்குப் பிடிக்காது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவள் எழுதிய கிராஃப் ஓடியது, நான் எழுதியது ஓடவில்லை. ஒருத்தியைப் பிடிக்காமல் போக இதைவிட நியாயமான காரணம் வேண்டுமா என்ன.

திருச்செங்கோட்டுக்கு வெளியே ஒரே காம்பவுண்டுச் சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கள் கல்லூரியின் பெயரில் தலைவர் நாச்சிமுத்துவின் அம்மா இருக்கிறார். சுவருக்கு அந்தப்பக்கக் கல்லூரியின் பெயரில் அவருடைய சித்தி இருக்கிறார். சித்தியின் மகன் அர்த்தநாரி அதற்குத் தலைவர். பங்காளிகள் இருவரும் ஒரு காலத்தில் ஒரே ரிக் லாரியில் ஆளுக்குப் பாதி பங்கு வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போட்டவர்கள். லாரியை இரண்டாக வெட்ட முடியாததால் அதை விற்றுவிட்டு நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஒருவர் நாலு மாடி கட்டினால் மற்றவர் ஐந்து மாடி கட்டுவார். ஒருவர் நீச்சல் குளம் வெட்டினால் மற்றவர் அதைவிட ஆழமாக வெட்டுவார். இரண்டிலும் தண்ணீர் கிடையாது.

எங்கள் கல்லூரியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிற பூபதி நான்தான். அந்தப்பக்கம் அதே வேலையில் சுகன்யா இருந்தாள். அவளுக்குச் சுழல் நாற்காலி கொடுத்திருந்தார்கள். எனக்குக் கெமிஸ்ட்ரி லேபில் கழித்துப்போட்ட ஸ்டூல். இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அர்த்தநாரியின் மகள் கல்யாண வரவேற்பில்தான் வினை ஆரம்பித்தது. மண்டபத்துத் திரையில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாறி மாறி வந்துகொண்டிருந்தார்கள். நடுவே ஒரு கிராஃப் வந்தது. அந்தக் கல்லூரியில் படித்து வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று அதில் கோடு ஏறியிருந்தது. அர்த்தநாரி தன் போனில் ஒரு வருஷத்தை அழுத்தினார். கோடு மறைந்து, அந்த வருஷத்துக்கான புதுக் கோடு கண்ணெதிரே வந்தது. சனம் கை தட்டியது. எங்கள் தலைவர் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டதாக டிரைவர் சொன்னார்.

மறுநாள் காலையில் என்னையும் முதல்வர் கமலவேணி மேடத்தையும் தலைவர் கூப்பிட்டு விட்டார்.

"ஏங்கண்ணு, அவனுது எப்படிக் கேட்ட ஒடனே வரையுது?"

"சர்வர்ல ஒரு ஸ்கிரிப்ட் இருக்குதுங்க. யாராச்சும் அந்தப் பக்கத்தத் தொறந்தா, அது கணக்கெல்லாம் எடுத்து அப்பவே படம் வரைஞ்சு அனுப்பீருமுங்க."

"நம்முளுது?"

"நம்முளுது இல்லீங்க."

"அதான் ஏன் இல்லீங்கறேன். காலேஜுக்குத் தரம் போடற ஆய்வுக் குழு வெள்ளிக்கெழம வாராங்க. அதுக்குள்ள நம்ம கோடு அவன் கோட்டுக்கு மேல இருக்கோணும். ரிக்குல கோடு கீழ போகப் போகத்தான் நல்லது. காலேஜுல மேல போனாத்தான் நல்லதுன்னு வெளங்கிக்கறதுக்கே எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு. இனி ஒருத்தங்கிட்டயும் தோக்க மாட்டேன். ஓடலைன்னா இந்தத் தம்பியக் கேன்வாஸுக்கு அனுப்பிச்சு உடுங்க மேடம். கெங்கவல்லிப் பக்கம்."

கேன்வாஸ் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ப்ளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் வீடுகளைத் தேடிப் போய், மே மாத வெயிலில் வாசலில் நின்று, உங்கள் பையனை எங்கள் கல்லூரியில் சேருங்கள் என்று கேட்கும் வேலை. வாத்தியார்கள் எல்லோரும் போக வேண்டும். பக்கத்து ஊர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கெங்கவல்லி கிடைத்தால் தண்டனை. ஏனென்றால் அங்கே எங்களுக்கு முன்பே ஆத்தூர்க்காரர்கள், சேலத்துக்காரர்கள் எல்லோரும் போய் வந்திருப்பார்கள், நாய்களுக்குக்கூட அடையாள அட்டை மாட்டியவர்களைத் தெரியும். எங்கள் சிவில் துறையிலிருந்து போன ஒருவர் இன்னும் திரும்பவில்லை. அங்கேயே மரவள்ளி போட்டிருக்கிறார் என்று கேள்வி.

உயிர்ப் பயத்தில் எழுதினேன். என் மேஜையில் அது முதல் தடவையே ஓடியது. வருஷத்தை அழுத்தினால் கோடு வந்தது, வேறு வருஷத்தை அழுத்தினால் வேறு கோடு வந்தது. கொஞ்ச நேரம் நான் சுகன்யாவையே மறந்திருந்தேன்.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. கல்லூரியை விட்டு வெளியே போவது எதுவானாலும் அதன் முதல் வரி 'கல்வி வள்ளல் நாச்சிமுத்து அவர்களின் நல்லாசியுடன்' என்று இருக்க வேண்டும். கேள்வித்தாளில் இருக்கும், மெஸ் டோக்கனில் இருக்கும். பஸ் நெற்றியில் ஊர்ப் பெயருக்கு இடம் இல்லாத அளவுக்கு இருக்கும். அதனால் எருமப்பட்டிப் பிள்ளைகள் வாரம் ஒரு முறை ராசிபுரம் போய்விட்டு வருவார்கள். தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்ற பலகைகூடத் தலைவரின் நல்லாசியுடன்தான் தொடங்கும். இதைக் கண்காணிக்க முதல் வரிக் குழு என்று ஒன்று இருக்கிறது. கமலவேணி மேடம் அதற்குத் தலைவர். கல்லூரியில் தவறாமல் கூடுகிற குழு அது ஒன்றுதான்.

மேடம் என் அறைக்கு வந்து ஸ்கிரிப்டைத் திறக்கச் சொன்னார்.

"பூபதி, முதல் வரி எங்க?"

"இது மிஷின் படிக்கறதுங்க மேடம். ஆளுங்க யாரும் பார்க்க மாட்டாங்க."

"மிஷின் மட்டும் தலைவர் பேரைப் படிக்க வேண்டாமா?"

சரி, மேலே அந்த வரியைத் தட்டி, அதற்கு முன்னால் ஒரு குறியும் போட்டேன்.

"அது என்ன, தலைவர் பேருக்கு முன்னால வேலி மாதிரி?"

"அது இருந்தா அந்த வரிய மிஷின் கண்டுக்காமத் தாண்டிப் போயிருமுங்க மேடம்."

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. மேடத்தின் முகம் மாறிவிட்டது.

"தலைவர் பேரைக் கண்டுக்காமத் தாண்டிப் போகுமா? என்ன பூபதி, மிஷினுக்கு இவ்வளவு இடம் கொடுத்து வெச்சிருக்கீங்க? முதல்ல அது தலைவர் பேரை வாய் விட்டுச் சொல்லணும். அப்புறம் படம் வரையட்டும்."

வேலியை எடுத்துவிட்டு, மிஷின் அந்த வரியை வாய் விட்டுச் சொல்லும்படி எழுதிக் கொடுத்தேன். தலைவர் தன் போனில் பக்கத்தைத் திறந்தார். கிராஃப் வரவில்லை. அவருடைய பெயர் வந்தது. அதற்குக் கீழே கேள்விக்குறியும் கட்டமும் அரை எழுத்தும் கால் எழுத்துமாகத் திரை நிறையக் குப்பை வந்தது.

உடனே கோளாறு நிவர்த்திக் குழு அமைக்கப்பட்டது. முதல் கூட்டத்தில் கமலவேணி மேடம் பேசினார். "கோளாறு நீங்கியதா என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நீக்க நாம் என்ன முயற்சி எடுத்தோம் என்று ஆய்வுக் குழு கேட்கும். அதற்குப் புகைப்படத்தோடு ஆதாரம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு துறையும் ஒரு முயற்சி எடுக்க வேண்டும்."

ஒவ்வொரு துறையும் எடுத்தது. ரோட்டில் ரிக் லாரி போகும் அதிர்வில் கோடு உதிர்ந்துவிடுகிறது என்று சிவில்காரர்கள் சொல்லி, சர்வருக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்தார்கள். சூடுதான் காரணம் என்று மெக்கானிக்கல்காரர்கள் லாரி ரேடியேட்டர் விசிறியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். எம்.பி.ஏ. துறைக்காரர் சர்வரின் முன்னால் நின்று ஊக்க உரை ஆற்றினார். எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் தலைவரே வந்து பார்த்துவிட்டு, "அர்த்தநாரி கண்ணு பட்டிருக்குது" என்றார். சர்வரின் நெற்றியில் பூசணிக்காய் கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் படம் எடுத்தார்கள். நான் மட்டும் வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு கல்லூரி கேட்டுக்கும் நடுவில் ஒரு பேக்கரி உண்டு. வாசலில் இரண்டு பெஞ்சு, கல்லூரிக்கு ஒன்று. நான் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் பெஞ்சிலிருந்து சுகன்யா கேட்டாள்.

"என்னுங்ணா, மொகமே செரியில்ல?"

"ஒண்ணுமில்ல."

"உங்க பக்கத்த நானும் தொறந்து பார்த்தேனுங்ணா. படத்துக்கு முன்னாடி அது வேற என்னமோ பேசுதுங்களே?"

"என்ன பேசுது?"

"உங்க ஐயா பேரு வருதில்லீங்களா, அது. ஸ்கிரிப்ட் மொதல்ல 'இப்ப வரப்போறது படம்'னு ப்ரவுசர்கிட்டச் சொல்லோணும். அதுக்கு முன்னால ஒரு எழுத்து வந்துட்டாலும், பின்னால வாரதெல்லாம் எழுத்துன்னே அது நெனச்சுக்கும். படத்த எழுத்தாப் படிச்சா இப்படித்தான் வருமுங்க. அந்த வரிய எடுத்துட்டீங்கன்னா ஓடீரும்."

இதை அவள் தேங்காய் பன்னைக் கடித்துக்கொண்டே சொன்னாள். டியூபும் விசிறியும் பூசணிக்காயுமாக எங்கள் கல்லூரியே சேர்ந்து கண்டுபிடிக்காதது. எனக்கே உறைத்திருக்க வேண்டியது, பயத்தில் உறைக்கவில்லை. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு வயிறு எரிந்தது. "அது எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மேடத்திடம் சொன்னேன். தலைவர் பெயரை எடுக்கத் தலைவரிடம்தான் கேட்க வேண்டும் என்றார். யார் கேட்பது என்றேன். கோளாறு யாருடையதோ அவர் என்றார்.

தலைவர் தன்னுடைய ஆளுயரப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, ஒரேயொரு வரிய எடுத்தாக் கிராஃப் ஓடீருமுங்க."

"எந்த வரி?"

"மொத வரிங்க. உங்க பேரு இருக்கறது."

அவர் நிமிர்ந்து தலைக்கு மேலிருந்த தன் படத்தைப் பார்த்தார்.

"அர்த்தநாரி சொல்லி அனுப்பிச்சானா?"

"அய்யோ, இல்லீங்க."

"பேக்கரியில அந்தப் புள்ளகிட்டப் பேசிட்டிருந்தியாமா?"

"அது டீ குடிக்கப் போனதுங்க. ஐயா, வேணும்னா உங்க பேரப் படத்துக்குள்ளயே மேல பெருசா எழுதிடறேனுங்க."

"படத்துக்குள்ள இருந்தா அது படத்தோட பேரு. எம் பேரு முன்னால வரோணும். தம்பி, எங்கம்மா பேர வெச்சிருந்தாலும் இந்தக் காலேஜு எம் பேர்லதான் ஆரம்பிச்சுது. மொதல்ல பேரு வந்துது. அப்பறம் போர்டு வந்துது. கட்டடம் அதுக்கப்பறம் வந்துது. அனுமதி அதுக்கும் அப்பறம் வந்துது. வாத்தியாருங்க வந்தாங்க, பசங்க வந்தாங்க, படிப்பு இன்னிக்கு வரைக்கும் வந்துட்டே இருக்குது. இத்தனையும் எம் பேருக்குப் பின்னால வந்துதே, ஒரு கோடு வரமாட்டீங்குதா? கோட்டுக்கு வழி உடறதுக்கு நான் ஒதுங்கி நிக்கோணுமா?"

நான் கதவுப் பக்கம் திரும்பினேன்.

"பேரும் இருக்கோணும், படமும் வரோணும். இல்லைன்னா கெங்கவல்லிக்கு மூட்டையக் கட்டு சாமி."

வெள்ளிக்கிழமை காலையில் என்னிடம் இரண்டு ஸ்கிரிப்டுகள் இருந்தன. ஒன்றில் பெயர் கிடையாது, படம் வரும். இன்னொன்றில் பெயர் வரும், படம் வராது. எதை வைத்தாலும் கெங்கவல்லிதான். யோசித்துப் பார்த்தேன். பெயர் வராவிட்டால் அன்றைக்கே பஸ் ஏற்றிவிடுவார்கள். படம் வராவிட்டால் குழு கூடி, துணைக்குழு அமைத்து, விளக்கம் கேட்டு, அப்புறம்தான் ஏற்றுவார்கள். அதற்குள் மழைக்காலம் வந்துவிடும், வெயிலாவது குறையும். பெயர் வருவதையே வைத்தேன்.

ஆய்வுக் குழு சுவருக்கு அந்தப்பக்கம் பார்த்து முடித்துவிட்டு எங்களிடம் வந்தது. குழுத் தலைவர் வெள்ளைத் தலையோடு ஒரு பெரியவர், கூட மூன்று பேர். கருத்தரங்கக் கூடத்தில் சுவர் அகலத்துக்குத் திரை. எங்கள் தலைவர் தன் கையாலேயே ஒரு வருஷத்தை அழுத்தினார்.

அவருடைய பெயர் ஆளுயரத்தில் வந்தது. அதற்குக் கீழே சுவர் முழுக்கக் குப்பை இறங்கியது.

தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குக் கண்ணெதிரே மரவள்ளித் தோட்டம் தெரிந்தது.

குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது என்ன?" என்றார்.

கமலவேணி மேடத்திடம் எந்தக் கேள்விக்கும் பதில் உண்டு. "மூலத் தரவு சார். நாங்கள் எதையும் மாற்றாமல் அப்படியே வெளியிடுகிறோம்."

"ஓ" என்றார் அவர். மற்ற மூவரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு "ஓ" என்றார்கள். ஒருவர் எழுந்து போய்த் திரையைத் தொட்டு, "இந்தக் கட்டங்கள்?" என்று கேட்டார்.

"அவை வெளிநாட்டில் வேலைக்குப் போனவர்கள் சார்."

"கேள்விக்குறிகள்?"

"இன்னும் முடிவு வராதவர்கள்."

அவர் குறித்துக்கொண்டார். குழுத் தலைவர் எழுந்து பேசினார். "நான் எத்தனையோ கல்லூரிகளை ஆய்வு செய்தவன். எல்லோரும் எங்களுக்குப் புரிகிற மாதிரி எதையாவது காட்டி எங்களை ஏமாற்றப் பார்ப்பார்கள். இப்போதுகூடப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டினார்கள். பார்த்தவுடனே புரிந்துவிட்டது. பார்த்தவுடனே புரிந்தால் அதில் என்ன ஆழம் இருக்க முடியும்? புரியாததைப் புரியாதபடியே எங்கள் முன் வைக்கும் துணிச்சலை நான் இங்கேதான் பார்க்கிறேன். இதற்குத்தான் வெளிப்படைத்தன்மை என்று பெயர்."

எங்களுக்கு முதல் தரம் கிடைத்தது. அந்தப்பக்கத்துக்கு இரண்டாம் தரம். எங்கள் தலைவர் சுவர் ஓரமாக நின்று பட்டாசு வெடிக்கச் சொன்னார். எனக்குச் சுழல் நாற்காலி வந்தது, அவளுடையதைவிட முதுகு உயரம். அந்தக் கிராஃபை இனி யாரும் சரிசெய்யக் கூடாது என்று எழுத்தில் உத்தரவும் வந்தது.

அடுத்த வாரம் பேக்கரியில் சுகன்யா டீ வாங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கய்யா உங்களுது மாதிரியே வேணுங்கறாருங்ணா. உங்களுதவிட ரெண்டு மடங்கு எழுத்து வரோணுமாம்."

இந்த நாளுக்காக எத்தனை டீயை ஆறவிட்டிருப்பேன். "ஒரு வரிதான் சுகன்யா. மேல போட்டு உட்டாப் போதும், தானாக் கெட்டுக்கும். வேணும்னாச் சொல்லிக் குடுக்கறேன்" என்று காலை ஆட்டிக்கொண்டே சொன்னேன்.

"தெரியுதுங்ணா. ஆனா ஓடறத எப்படிக் கெடுக்கறதுங்க? ரெண்டு தடவ உக்காந்து பார்த்தேன். எனக்குக் கை வரமாட்டீங்குது."

"கை வரலைன்னாக் கேன்வாஸுக்குத்தான் போகோணும்."

"அப்படித்தானுங்க சொல்லீட்டாங்க."

அவளைக் கெங்கவல்லிக்கு அனுப்பினார்கள். அவளுடைய இடத்தில் வந்தவன் சுறுசுறுப்பான ஆள், ஒரே நாளில் கெடுத்துக் கொடுத்துவிட்டான். அன்று மெஸ்ஸில் சாம்பார்கூட எனக்கு ருசியாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

கொஞ்ச நாளில் அவள் வேலையை விட்டுவிட்டுத் திருச்செங்கோட்டில் ஒரு ரிக் கம்பெனி ஆபீஸில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். படித்துவிட்டு லாரிக்காரர்களிடம் போய் உட்கார்ந்திருக்கிறாள், பாவம் என்று எல்லோரிடமும் பரிதாபப்பட்டேன்.

போன வாரம் பேக்கரியில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் இரண்டு போன், கையில் கிரீஸ் கறை. ஒரு போனை எடுத்து அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் திரையில் ஒரே ஒரு கோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சுத்தமான கோடு.

"என்னதுங்க இது?"

"நம்ம ரிக் வண்டி ராய்ச்சூர்ல ஓடுது சாமி. போரு எத்தன அடி எறங்கியிருக்குதுன்னு இங்கருந்தே தெரியுது. எப்ப அழுத்துனாலும் அப்பத்திய நெலவரம். ஆபீஸ்ல சுகன்யான்னு ஒரு புள்ள, அது பண்ணிக் குடுத்துது. முந்தாநேத்து கோடு அப்படியே நின்னு போச்சு. ஒடனே போனப் போட்டேன். பாத்தா பாறையத் தொளைக்கற பிட்டு சிக்கிக் கெடக்குது. இன்னுங் கொஞ்சம் ஓட்டியிருந்தா பிட்டு, கம்பி அத்தனையும் குழிக்குள்ளயே போயிருக்கும். அந்தப் புள்ளைக்குக் கோயில் கட்டோணும்."

என் வயிறு பழையபடி எரிய ஆரம்பித்தது. நாற்காலிக்கு எரிந்தபோதுகூட இப்படி எரியவில்லை.

"நானும் கிராஃப் வேலைதானுங்க" என்றேன்.

"அப்படியா! எங்க, காட்டு பாக்கலாம்."

வாயைக் கொடுத்துவிட்டேன். வேறு வழியில்லாமல் என் போனில் எங்கள் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அவர் வாங்கி, வெளிச்சம் படாமல் கையால் மறைத்துப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். சட்டையில் திரையைத் துடைத்துவிட்டும் ஒரு தடவை பார்த்தார்.

"போனு கெட்டுப் போச்சாட்ட இருக்குது சாமி. கடையில குடுத்துப் பாரு."

"ஆமாங்க" என்று சொல்லி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு அவருடைய போனை இன்னொரு தடவை கேட்டு வாங்கி, சுகன்யாவின் கோடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.